மேஜை துடைத்த பையன் கையில் 1,600 கோடி டாலர்!

"வருஷத்துக்கு ஐம்பது கோடி டாலருக்கு மேல் தர்மம் பண்ணணும். பணம் உங்க பணம் இல்லை. சம்பாதிக்கிற கவலையும் இல்லை. மாசா மாசம் சம்பளம் உண்டு. வேலைக்கு வர்றீங்களா?"

இப்படி யாராவது கூப்பிட்டால் என்ன சொல்வீர்கள்? எங்கள் ஆபீஸ் நண்பரிடம் கேட்டுப் பார்த்தேன். ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமலே, "செக்ல கையெழுத்துப் போட்டே விரல் தேய்ஞ்சிடும். அது ஒண்ணுதான் சார் கஷ்டம்!" என்றார்.

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது சுலபம் என்றுதான் நாமெல்லாரும் நினைத்துக் கொண்டிருக்கிறோம். பன்னிரண்டு வருஷம் அந்தத் தேங்காயை உடைத்த ஒருவரின் கதையைக் கேளுங்கள்.

பெயர் டேரன் வாக்கர். 2013-இலிருந்து 2025 வரை அமெரிக்காவின் ஃபோர்டு ஃபவுண்டேஷனுக்குத் தலைவர். கார் கம்பெனி ஹென்றி ஃபோர்டின் மகன் எட்சல் ஃபோர்டு 1936-இல் இருபத்தையாயிரம் டாலர் போட்டு ஆரம்பித்து வைத்த அறக்கட்டளை அது. கார் கம்பெனி ஷேர்களை 1974-லேயே விற்றுத் தலைமுழுகி விட்டார்கள். இன்றைக்கு அதன் சொத்து சுமார் 1,600 கோடி டாலர். ரூபாயில் பெருக்கிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள், கால்குலேட்டரில் இடம் போதாமல் போனால் என்னைத் திட்ட வேண்டாம்.

இவ்வளவு பணத்தின் மேல் உட்கார்ந்தவர் பெரிய இடத்துப் பிள்ளை இல்லை. 1959-இல் லூயிசியானாவில் ஒரு தர்மாஸ்பத்திரியில் பிறந்தவர். வளர்ந்தது டெக்ஸாஸில் ஏம்ஸ் என்ற குக்கிராமத்தில். தனியாக நின்று பிள்ளைகளை வளர்த்த அம்மாவுக்கு நர்ஸுக்கு உதவியாள் வேலை. 1965-இல் ஒரு பெண்மணி இவர்கள் வீட்டு வாசலுக்கு வந்து, ஏழைக் குழந்தைகளுக்காக அரசாங்கம் புதிதாக ஒரு பள்ளி ஆரம்பிக்கிறது, பையனை அனுப்புகிறீர்களா என்று அம்மாவிடம் கேட்டாள். நம்ம ஊர் பால்வாடி மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்கள். 'ஹெட் ஸ்டார்ட்' என்று பெயர். அதன் முதல் பேட்ச்சில் சேர்ந்த பையன் அப்புறம் அரசாங்க உதவித்தொகையிலேயே காலேஜ் படித்து, வக்கீல் ஆனார்.

நடுவில் ஒரு வேலை. பன்னிரண்டு பதிமூன்று வயதில் ஹோட்டலில் எச்சில் தட்டு எடுத்து மேஜை துடைப்பது. பின்னால் எத்தனையோ மேடைகளில் அவர் இதைச் சொல்லியிருக்கிறார். சாப்பிடுகிறவர்கள் மேஜை சுத்தமாகிவிட்டதா என்று பார்ப்பார்களாம். துடைக்கிற பையனைப் பார்க்க மாட்டார்களாம். நம் ஓட்டலில் மட்டும் என்ன வாழ்கிறது? காலையில் உங்கள் டேபிளைத் துடைத்தவர் முகம் ஞாபகம் இருக்கிறதா?

நியூயார்க்கில் வக்கீல் வேலை, பிறகு ஏழு வருஷம் பாங்கில் கடன் பத்திரம் விற்கிற வேலை. கை நிறையச் சம்பளம். அதை விட்டுவிட்டு ஹார்லெம் பகுதியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் இலவசமாக வேலை பார்க்கப் போனார். (நம் வீட்டில் இப்படிச் செய்திருந்தால் மாமனார் மாந்திரீகரைக் கூட்டி வந்திருப்பார்!) 1995-இல் அதே ஹார்லெமில் வீடு கட்டித் தரும் ஒரு சமூக அமைப்பில் சேர்ந்தார். கறுப்பர்கள் வாழும் அந்தப் பேட்டைக்கு ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட் வந்ததே 1999-இல்தான். அதைக் கொண்டு வந்ததில் அந்த அமைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கிருந்து ராக்ஃபெல்லர் ஃபவுண்டேஷன், 2010-இல் ஃபோர்டு, 2013-இல் தலைவர் நாற்காலி.

பாங்க் அனுபவம் ஒருநாள் கை கொடுத்தது. அமெரிக்கச் சட்டப்படி இந்த மாதிரி அறக்கட்டளைகள் சொத்தில் வருஷத்துக்கு சுமார் ஐந்து சதவிகிதம் செலவழித்தால் போதும். மீதி 95 பங்குச்சந்தையில் குட்டி போட்டுக் கொண்டிருக்கும். 2020-இல் கொரோனா வந்தது. உதவி பெறும் அமைப்புகள் ஒவ்வொன்றாகத் தள்ளாடின. வழக்கமான பணம் போதாது. அசலில் கை வைக்க போர்டுக்குத் தயக்கம். வாக்கர் என்ன செய்தார் தெரியுமா? நூறு கோடி டாலர் கடன் வாங்கினார்! கடன் வாங்கிக் கல்யாணம் கேள்விப்பட்டிருக்கிறோம். கடன் வாங்கி தானம்? முப்பது வருஷம், ஐம்பது வருஷத்துக்குக் கடன் பத்திரம். வட்டி மூன்று சதவிகிதத்துக்கும் கீழே. கடைசி அசலைக் கட்ட வேண்டிய வருஷம் 2070. அப்போது வாக்கருக்கு வயது நூற்றுப் பதினொன்று!

சரி, கொடுப்பதற்குப் பணம் கிடைத்துவிட்டது. ஆனால் யாருக்குப் போய்ச் சேருகிறது? அங்கேதான் இந்த வேலையின் முள் இருக்கிறது. அந்த முள் நம்ம ஊரிலும் குத்தியிருக்கிறது.

வாக்கர் வருவதற்கு வெகுகாலம் முன்பே, 1952-இல், டெல்லியில் ஆபீஸ் போட்டது ஃபோர்டு. அமெரிக்காவுக்கு வெளியே அதன் முதல் ஆபீஸ். 1960 வாக்கில் விதை, உரம், கடன் எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கொடுக்கும் 'பேக்கேஜ்' திட்டத்துக்கு அது உதவியது. முதலில் எடுத்துக்கொண்ட மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. நெல் கூடுதலாக விளைந்தது, வாஸ்தவம். யார் பத்தாயத்தில்? நிலமும் பம்ப்செட்டும் வைத்திருந்தவர் பத்தாயத்தில்தான் முதலில். நாற்று நட்டவர்கள் அரைப்படி நெல் கூலி கூடக் கேட்கவே போராட வேண்டியிருந்தது. 1968 டிசம்பர் 25 ராத்திரி, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் குடிசைக்குள் எரிந்து போனார்கள் நாற்பத்து நான்கு பேர். அந்தப் பாவத்தைக் கொண்டுபோய் ஃபவுண்டேஷன் தலையில் கட்டுவது நியாயம் இல்லை. ஆனால், திட்டம் போட்டவர்கள் கணக்கில் விளைச்சல் இருந்தது. சேற்றில் குனிந்து நின்றவர் இல்லை.

'தாராள மனசு போதாது, நியாயம் வேணும்' என்பதுதான் வாக்கரின் பல்லவி. பசித்தவனுக்குச் சோறு போடு. கூடவே அவன் ஏன் பசித்துக் கிடக்கிறான் என்றும் கேள். 2015-இல், இனிமேல் எங்கள் பணமெல்லாம் ஏற்றத்தாழ்வை எதிர்க்கத்தான் என்று தடாலடியாக அறிவித்தார். ஏழை, கறுப்பர், பெண்கள் என்று பட்டியல் நீண்டது. கைதட்டல் பிரமாதம்.

அப்புறம் வந்தன கடிதங்கள். ஊனமுற்றவர்களிடமிருந்தும், அவர்களுக்காகப் பாடுபடுகிறவர்களிடமிருந்தும். 'ஐயா, உலகத்தில் நூறு கோடிப் பேருக்கு மேல் இருக்கிறோம். உங்கள் பட்டியலில் நாங்கள் எங்கே?' என்பது சாராம்சம். சிலர் நேரடியாகவே, நீர் ஒரு வேஷதாரி என்று எழுதினார்கள்.

இந்த இடத்தில் வழக்கமான பெரிய மனிதர் என்ன செய்வார்? 'தங்கள் கடிதம் பரிசீலனையில் உள்ளது' என்று பி.ஏ.வை விட்டு ஒரு வரி அனுப்புவார். நாமும் ஆபீஸில் அதைத்தானே டைப் அடிக்கிறோம்! வாக்கரும் யோசித்துப் பார்த்திருக்கிறார். கறுப்பர், ஏழை வீட்டுப் பையன், ஆணை நேசிக்கும் ஆண். ஒதுக்கப்படுவது என்னவென்று தனக்குத் தெரியாததா என்ற நினைப்பு இருந்திருக்கும். மேஜை துடைக்கும்போது யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்று சொன்னவரே, நாற்காலியில் உட்கார்ந்ததும் ஒரு கூட்டத்தையே பார்க்காமல் விட்டிருக்கிறார்.

2016 செப்டம்பரில் தன் பெயரிலேயே ஒரு கட்டுரை எழுதி, குற்றம் சாட்டியவர்கள் சொன்னது சரி, தவறு என்னுடையது என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். அதோடு நிற்கவில்லை. ஊனமுற்றோர் பிரச்னை ஃபவுண்டேஷனின் எல்லா வேலைகளிலும் நுழைந்தது. நியூயார்க் தலைமை அலுவலகம் 1967-இல் கட்டியது. அதைப் புதுப்பித்து 2018 கடைசியில் திறந்தபோது, சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் புழங்க வசதி செய்திருந்தார்கள்.

இதற்காக அவருக்கு ஆரத்தி எடுக்க நான் தயாரில்லை. ஏற்றத்தாழ்வு பற்றிப் பேசிக்கொண்டே 2016-இல் பெப்சி கம்பெனியின் டைரக்டர் ஆனார். இது என்ன நியாயம் என்று அங்கேயே கேட்டார்கள். பணக்காரர் சேர்த்த பணத்தை வைத்துக்கொண்டு பணக்காரருக்கு எதிராக எவ்வளவு தூரம் போக முடியும் என்ற கேள்வியும் அப்படியே இருக்கிறது. 2025-இல் அவர் விலகி, வேறொருவர் வந்தாயிற்று. கேள்வி புதியவருக்கும் சேர்த்துத்தான்.

இத்தனையையும் ஆபீஸ் நண்பரிடம் டீ குடித்துக்கொண்டே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"ஏன் சார், நம்ம செக்ஷன் ரெண்டாவது மாடியில இருக்கே. லிஃப்ட் கிடையாது. கால் முடியாதவங்க பென்ஷன் விஷயமா வந்தா என்ன சார் பண்றாங்க?"

"கீழேயே வாட்ச்மேன்கிட்ட பேப்பரைக் கொடுத்துட்டுப் போயிடுவாங்கன்னு நினைக்கிறேன்."

"பதினாலு வருஷ சர்வீஸ் சார் எனக்கு. ஒருத்தரைக்கூடப் பார்த்ததில்லை" என்றார்.