நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை நீராவி இன்ஜின்கள்

எக்ஸ் வகை நீராவி இன்ஜின்கள், நீலகிரி மலை ரயிலை மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏற்றிச் செல்பவை. சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் உருவான இவ்வகை இன்ஜின்கள், இன்று திருச்சிராப்பள்ளியில் உள்ள பொன்மலை ரயில்வே பணிமனையில் புதுப்பிக்கப்படுகின்றன; புதிதாகவும் கட்டப்படுகின்றன.

பாதையின் அகலம்

இரு தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட தூரம் 1,435 மி.மீ. இருந்தால் அது உலக அளவில் சீர்தரப் பாதை. அதைவிடக் குறைந்தவை குறும்பாதைகள். இந்தியாவில் 1,676 மி.மீ. அகலப்பாதை என்றும், 1,000 மி.மீ. மீட்டர் பாதை என்றும், 762 மற்றும் 610 மி.மீ. குறும்பாதை என்றும் வழங்கப்படுகின்றன. நீலகிரிப் பாதை மீட்டர் பாதையாகும். கள்ளக்குறிச்சிக்கு அருகே சின்னசேலம் வழியாகச் செல்லும் சேலம்–விருத்தாசலம் பாதையும் முன்பு மீட்டர் பாதையாகவே இருந்து, பின்னர் அகலப்பாதையாக மாற்றப்பட்டது. மலையில் குறுகிய பாதைக்கு ஒரு தனிப் பயன் உண்டு. வளைவுகளை நெருக்கமாக அமைக்கலாம். பாறையை வெட்டும் வேலையும் குறையும்.

வரலாறு

மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதை 1899இல் திறக்கப்பட்டது. 1908இல் உதகமண்டலம் வரை நீட்டிக்கப்பட்டது. சுமார் 46 கி.மீ. நீளத்தில் 208 வளைவுகளும் 16 சுரங்கங்களும் உள்ளன. கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் தொடங்கும் பாதை, 2,203 மீட்டர் உயரத்தை அடைகிறது. எக்ஸ் வகையில் 1914 முதல் 1925 வரை 12 இன்ஜின்களும், 1952இல் 5 இன்ஜின்களும் விண்டர்தூரில் கட்டப்பட்டன. இம்மலைப் பாதையை யுனெஸ்கோ 2005இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இயங்கும் முறை

கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பாதை 12 அடி முன்னேறினால் 1 அடி உயர்கிறது. இவ்வளவு சரிவில் வழவழப்பான இரும்புச் சக்கரம் தண்டவாளத்தில் வழுக்கிவிடும். எனவே, நடுவில் பற்கள் கொண்ட இரு இரும்புச் சட்டங்கள் பதிக்கப்பட்டுள்ளன. ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றொன்றின் பள்ளம் வரும். இன்ஜினின் அடியிலுள்ள பற்சக்கரங்கள் இவற்றைப் பற்றி ஏறுகின்றன. சுவிஸ் பொறியாளர் ரோமன் ஆப்ட் வகுத்ததால் இது ஆப்ட் முறை எனப்படுகிறது.

எக்ஸ் இன்ஜினில் நான்கு சிலிண்டர்கள் உள்ளன. இரண்டு சாதாரணச் சக்கரங்களையும், இரண்டு பற்சக்கரங்களையும் இயக்குகின்றன. செங்குத்தான பகுதியில், முதல் இரண்டு சிலிண்டர்களில் வேலை செய்துவிட்டு வரும் நீராவி மற்ற இரண்டிலும் மீண்டும் பயன்படுகிறது. மலை ஏறும்போது இன்ஜின் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று தள்ளும். இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் கீழே உருளாமல் தடுப்பது இதன் நோக்கம்.

புதுப்பித்தல்

நீராவி இன்ஜின் ஓடினாலும் தேயும், ஓடாமல் நின்றாலும் துருப்பிடிக்கும். புதுப்பிக்கும்போது இன்ஜின் பகுதி பகுதியாகப் பிரிக்கப்படுகிறது. முதலில் கவனிக்க வேண்டியது பாய்லர். தண்ணீரிலுள்ள உப்புகள் உள்ளே படிவதால் வெப்பம் கடத்தப்படுவது குறைந்து, குழாய்கள் கெடுகின்றன. கெட்ட குழாய்களை மாற்றிய பின், பாய்லரில் தண்ணீரை நிரப்பி அழுத்தம் கொடுத்துச் சோதிக்கிறார்கள். தண்ணீர் அதிகம் விரிவடையாது. ஆகவே பாய்லரில் விரிசல் இருந்தாலும் கசிவோடு நின்றுவிடும். முதலிலேயே நீராவியைக் கொண்டு சோதித்தால் பாய்லர் வெடித்துவிடக்கூடும். அடுத்து, தேய்ந்த பற்சக்கரங்கள், சிலிண்டர்கள், பேரிங்குகள் ஆகியவை சரிசெய்யப்படுகின்றன.

இவ்வுறுப்புகள் கடையில் கிடைப்பவை அல்ல. வரைபடத்தைப் பார்த்து அச்சு செய்து, உலோகத்தை வார்த்து, லேத்தில் கடைந்து உருவாக்க வேண்டும். தமிழ்நாட்டின் பிற மீட்டர் பாதைகள் அகலப்பாதைகளாக மாறியதால், அவற்றிலிருந்து உதிரிப் பாகங்களும் அனுபவமுள்ள ஆட்களும் கிடைக்கும் வழி அடைபட்டது. இந்நிலையில் பொன்மலைப் பணிமனை 2011 முதல் எண்ணெயில் இயங்கும் புதிய எக்ஸ் இன்ஜின்களைக் கட்டத் தொடங்கியது. 2021இல் நிலக்கரியில் இயங்கும் இன்ஜினையும் கட்டி முடித்தது. எண்ணெயில் சாம்பல் இல்லை. காட்டில் தீப்பொறி விழும் அபாயமும் குறைவு. நிலக்கரியோ பழைய முறையைக் காக்கிறது.

எது பழமை?

எல்லா உறுப்புகளும் மாறிவிட்டால் அது பழைய இன்ஜின்தானா என்ற கேள்வி எழலாம். அருங்காட்சியகத்தில் நிற்கும் இன்ஜினுக்கு முதலில் இருந்த இரும்பே மதிப்பு. ஓடும் இன்ஜினுக்கு அந்த இரும்பைவிட, அதைச் செய்யவும் இயக்கவும் தெரிந்த அறிவே மதிப்பு. நெருப்பின் நிறத்தையும் பாய்லரின் நீர்மட்டத்தையும் பார்த்து இன்ஜினை நடத்தும் பழக்கம், மூத்த தொழிலாளியுடன் நின்று கற்றால்தான் வரும். ஒரு தலைமுறை அதைக் கற்காமல் விட்டால், வரைபடங்கள் இருந்தும் இன்ஜின் ஏறாது. எனவே, பணிமனையில் நடக்கும் பயிற்சியும் பாரம்பரியப் பாதுகாப்பின் ஒரு பகுதியே ஆகும்.