கணவனுக்கு ஒரு கிண்ணம், மனைவிக்கு ஒரு கிண்ணம்

கலியாண வீட்டுக்கு என்ன கொண்டு போவது என்ற குழப்பம் நமக்கு மட்டும் உள்ளதல்ல. ஜப்பானியர்கள் இதில் நம்மைவிடக் கூடுதலாகவே சகுனம் பார்ப்பவர்கள். கத்தி கொடுக்கக் கூடாது. அது உறவை அறுத்துவிடுமாம். உடையும் சாமான் கூடாது. பணம் வைப்பதானால் அது இரண்டாகச் சரிபாதி பிரியக் கூடாது. ஆகவே பத்தாயிரம் யென் நோட்டுகள் மூன்றை, அதுவும் சலவை நோட்டுகளாகப் பார்த்து, உறையில் இடுகிறார்கள். உறையைச் சுற்றிய காகித நூலில் போடுவது அவிழ்க்க முடியாத முடிச்சு. நூறோடு ஒன்று சேர்த்து நூற்றொன்றாக மொய் எழுதுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வேடிக்கை என்னவென்றால், உடையும் சாமான் ஆகாது என்ற இதே மக்கள், கீழே விழுந்தால் சுக்கு நூறாகும் பீங்கான் சோற்றுக் கிண்ணங்களை மணமக்களுக்கு விரும்பிக் கொடுக்கிறார்கள். ‘மெயோட்டோ ஜவான்’ என்று பெயர். தம்பதிக் கிண்ணம் எனலாம். ஒரே வேலைப்பாடு, ஒரே சூளை. கணவனுக்குச் சற்றுப் பெரியது, மனைவிக்குச் சற்றுச் சிறியது. (இதென்ன கணக்கு என்று கேட்ட பெண்களும் உண்டு போலும், இப்போது ஒரே அளவிலும் விற்கிறார்கள்.) ஜோடி என்பதை ஒரு செட்டாகவே எண்ணுவதால், ‘இரண்டு’ என்ற ஆட்சேபணையும் எழுவதில்லை. அந்நாட்டு வீடுகளில் சோற்றுக் கிண்ணமும் சாப்பிடும் குச்சியும் ஆளுக்கு ஒன்றாகத் தனித்தனியே இருக்கும். புது வீட்டில் தனக்கென்று ஒரு கிண்ணம் கிடைத்துவிட்டால், அங்கே தனக்கு ஓர் இடம் உண்டு என்று பொருள்.

ஈரத்தில் உலரும் பூச்சு

உடைந்துவிடுமே என்று அஞ்சுகிறவர்கள் மரக் கிண்ணத்தை நாடுகிறார்கள். சூப்பைக் கிண்ணத்தோடு தூக்கி வாயில் வைத்துக் குடிப்பது அவர்கள் வழக்கம். மரமானால் கை சுடாது. இந்த வகையில் பேர் பெற்றது இஷிகாவா மாகாணத்தில், நோட்டோ தீபகற்பத்தின் முனையில் உள்ள வாஜிமா என்ற கடலோர ஊர்.

கிண்ணத்தின் மேல் பூசுவது ‘உருஷி’ என்னும் மரப்பால். நம் அரக்கு பூச்சி தருவது. இது மரத்தைக் கீறி எடுப்பது. மாவும் முந்திரியும் சேர்ந்த குடும்பத்து மரம்தான். நம் ஊர்ச் சலவைத் தொழிலாளர்கள் துணிக்குக் குறி போட்ட சேங்கொட்டையும் இதற்கு உறவு. மேலே பட்டால் தோல் தடித்து அரிக்கும். பத்துப் பதினைந்து ஆண்டு வளர்ந்த ஒரு மரத்தை ஒரு பருவம் முழுதும் கீறினாலும் கிடைப்பது சுமார் 200 கிராம். பிறகு மரத்தை வெட்டிவிடுகிறார்கள். அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்க வேண்டும். மற்ற வர்ணங்கள் வெயிலில் காயும்; உருஷியோ ஈரக் காற்றில்தான் இறுகும். அதற்காகவே உட்புறம் ஈரமாக்கிய மர அலமாரிகளை வைத்திருக்கிறார்கள்.

கடைந்த கிண்ணத்தின் விளிம்பிலும் அடியிலும் முதலில் துணி ஒட்டப்படுகிறது. அதன்மேல், அந்த ஊரில் மட்டுமே கிடைக்கும் ஒருவகை மண்ணைச் சுட்டுப் பொடித்து உருஷியில் குழைத்துப் பூசுகிறார்கள். பூசுவது, தேய்ப்பது, மறுபடி பூசுவது என்று நூறு வேலைகளுக்கு மேல். கடைபவர் ஒருவர், அடிப்பூச்சுக்கு ஒருவர், தேய்க்க ஒருவர், மேல்பூச்சுக்கு ஒருவர், பொன்தூள் தூவிச் சித்திரம் எழுத இன்னொருவர். இவர்களில் ஒருவர் விலகினாலும் கிண்ணம் பாதியில் நிற்கும்.

இத்தனை உழைப்புக்கு விலை குறைவாக இருக்குமா? அந்தக் காலத்தில் வாஜிமா வியாபாரிகள் ஊர் ஊராகப் போய், விவசாயிகளைச் சேர்த்துச் சீட்டுப் பிடித்தார்கள். எல்லோரும் தவணை கட்ட, குலுக்கலில் பேர் விழுந்தவர் வீட்டுக்குக் கிண்ண செட் போகும். பாத்திரச் சீட்டு நம் கண்டுபிடிப்பு என்று நினைத்திருந்தோம்!

புத்தாண்டு மாலை

2024 ஜனவரி 1ஆம் தேதி மாலை 4 மணி 10 நிமிடத்துக்கு நோட்டோவில் பூமி அதிர்ந்தது. 7.6 அளவு. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டனர். வாஜிமாவின் காலைச் சந்தைத் தெருவில் தீப்பிடித்துச் சுமார் 240 கட்டிடங்கள் சாம்பலாயின. கிண்ணப் பட்டறைகளும் கடைகளும் அவற்றில் அடக்கம். தப்பிய பட்டறைகளிலும் கூரை விழுந்தது, சரக்கு நசுங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் பெருமழை வெள்ளம் வேறு. கைவினைஞர்கள் பலர் முதியவர்கள். வீடிழந்து வெளியூர் போனவர் திரும்பாவிட்டால் அவர் கைப்பழக்கமும் அவரோடு போய்விடும். தற்காலிகப் பட்டறைகள் கட்டிக் கொடுத்து வேலையைத் தொடரச் செய்தார்கள். அவ்வாண்டு ஏப்ரலில் வாஷிங்டன் சென்ற அன்றைய பிரதமர் கிஷிடா, பைடன் தம்பதிக்கு எடுத்துச் சென்ற பரிசு வாஜிமாவின் காபிக் கோப்பைகள்தான்.

இடிந்த வீடுகளின் பரண்களிலிருந்து பாட்டி காலத்துக் கிண்ணங்கள் அட்டைப் பெட்டி பெட்டியாக வெளிவந்தன. அவற்றைத் தூக்கி எறியாமல் கழுவித் துடைத்துப் புழக்கத்துக்குத் திருப்பியவர்கள் உண்டு. விளிம்பு சிதைந்த கிண்ணத்தைப் பழைய பூச்சைத் தேய்த்துவிட்டுப் புதிதாகப் பூசித் தருவது வாஜிமாவில் என்றும் உள்ள வேலை. தாய்க்கு வந்த கலியாணக் கிண்ணம் மகளின் கலியாணத்துக்குப் புதுக்கோலம் கொண்டு போவது இப்படித்தான்.

பரிசு பெற்றவர் செய்ய வேண்டியது அதிகமில்லை. வெயிலில் வைக்கக் கூடாது, மைக்ரோவேவ் அடுப்பில் நுழைக்கக் கூடாது, முரட்டு நார் கொண்டு தேய்க்கக் கூடாது. தினமும் அதில் சாப்பிட்டு, கழுவி, மெல்லிய துணியால் துடைத்துவிட்டால் போதும். பெட்டியில் பூட்டி ஆண்டுக்கணக்கில் வைத்தால்தான் ஈரம் வற்றிப் பூச்சு கெடும்.