பழைய ஜீப் வாங்குமுன் அச்சைப் பாருங்கள்

திருமுருகன்பூண்டி, அவிநாசி, சேவூர் வட்டாரங்களில் தேங்காய், பால் கேன், தீவனம், எரு ஆகியவற்றை இட்டேரி வழியாகக் கொண்டுசெல்ல, நான்கு சக்கர இயக்கமுள்ள பழைய ஜீப் ஒன்று இருந்தால் நல்லது என்று எண்ணும் உழவர்கள் உண்டு. வாங்கப் போகிறவர்கள் எஞ்சின் சத்தத்தைக் கேட்கிறார்கள். டயரையும் பெயிண்டையும் பார்க்கிறார்கள். வண்டிக்கு அடியில் குனிந்து அச்சைப் பார்ப்பவர்கள் குறைவு. எஞ்சின் பழுதானால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். ஓடும்போது அச்சு முறிந்தால் சக்கரமே கழன்று போகலாம். பின்னால் மனைவி மக்களும் ஆட்களும் அமர்ந்திருக்கும் வண்டி அது. எனவே அச்சின் வகைகளையும் வலிமையையும் அறிந்துகொள்வது அவசியம்.

அச்சுக்கு இரண்டு வேலை

மாட்டு வண்டியின் அச்சு சுழல்வதில்லை. அது பாரத்தைத் தாங்கி நிற்கிறது. சக்கரம் அதன்மேல் சுழல்கிறது. மோட்டார் வண்டியிலோ எஞ்சினின் விசை அச்சின் வழியாகவே சக்கரத்துக்குப் போக வேண்டும். ஆகவே அங்கு இரண்டு வேலைகள் உள்ளன: ஒன்று பாரம் தாங்குவது, மற்றது சக்கரத்தைச் சுழற்றுவது. வெளியே தெரியும் குழாய் போன்ற பகுதி ஹவுசிங். அதற்குள் சுழல்வது தண்டு. பாரத்தைத் தாங்குவது ஹவுசிங்கா, தண்டா என்பதைக் கொண்டே அச்சுகளை வகைப்படுத்துகிறார்கள்.

அரை மிதவை அச்சு: மெக்கானிக்குகள் இதை 'செமி ஃபுளோட்டிங்' என்பார்கள். சக்கரம் நேரடியாகத் தண்டின் முனையில் பொருத்தப்பட்டிருக்கும். தண்டு சக்கரத்தைச் சுழற்றுவதோடு பாரத்தையும் தாங்குகிறது. பேரிங்குக்கு வெளியே தண்டு முறிந்தால் சக்கரத்தைப் பிடித்து நிறுத்த வேறொன்றும் இல்லை.

முழு மிதவை அச்சு: இதில் ஹப், இரண்டு பேரிங்குகளின்மேல் ஹவுசிங்கின் முனையில் அமர்ந்திருக்கும். பாரம் முழுவதையும் ஹவுசிங் தாங்குகிறது. தண்டுக்குச் சுழற்றும் வேலை மட்டுமே. மாட்டு வண்டி அச்சுக்குள் ஒரு துளையிட்டு, அதன் வழியே தனியாக ஒரு கம்பியை விட்டுச் சக்கரத்தைச் சுழற்றுவது போன்ற அமைப்பு இது. தண்டு முறிந்தாலும் சக்கரம் இடத்திலேயே இருக்கும். சுமை ஏற்றும் லாரிகளின் பின் அச்சுகள் பொதுவாக இவ்வகையே.

இரண்டுக்கும் இடைப்பட்ட முக்கால் மிதவை அச்சும் உண்டு. இன்று அதைக் காண்பது அரிது.

எந்த வண்டியில் எந்த அச்சு?

இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பின் பின் அச்சு முழு மிதவை வகை. போருக்குப் பின் பொதுமக்களுக்காக வந்த சி.ஜே. வகைகளில், தொடக்கத்தில் வந்தவை தவிர, அரை மிதவை அச்சே பொருத்தப்பட்டது. நம் நாட்டில் மகிந்திரா தயாரித்த சி.ஜே. 3பி ஜீப்பும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. அதன் பின் தண்டின் முனை கூம்பாக இருக்கும். ஒரு சாவியும் பெரிய நட்டும் ஹப்பை அதில் பிடித்திருக்கும்.

அப்படியானால் போர்க்கால ஜீப்பின் அச்சே வலிமையானதா? பாரம் தாங்குவதில் அதன் அமைப்பு பாதுகாப்பானது. ஆனால் அதன் கிரவுன் சக்கரத்தின் விட்டம் ஏறக்குறைய 7¾ அங்குலம். பின்னாளில் பல ஜீப்புகளில் வந்த டானா 44 அச்சில் அது 8½ அங்குலம். முறுக்கைத் தாங்குவதில் இதுவே மேல். இங்கிலாந்தின் லேண்ட்ரோவர் சீரிஸ் 2, 3 வண்டிகளின் பின் அச்சு முழு மிதவைதான். ஆனாலும் மெல்லிய தண்டு முறிவதில் பெயர் பெற்றது. முறிந்தாலும் சக்கரம் கழலாமல் நின்றதே அதிலுள்ள நன்மை. ஆகவே வகையை மட்டும் பார்த்தால் போதாது. அளவையும் பார்க்க வேண்டும்.

முன் அச்சில் ஹப்பைத் தாங்குவது தண்டு அன்று. அதைச் சுற்றியுள்ள குழாய் முனையே. அங்கு நலிந்த இடம், ஸ்டியரிங் திரும்பும் இடத்திலுள்ள இணைப்பு. ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து வைத்துக்கொண்டு சேற்றில் ஆக்சிலேட்டரை மிதித்தால் அந்த இணைப்பு உடையும்.

தடிமன் சிறிது, வலிமை பெரிது

ஒரே எஃகினால் ஆன இரண்டு தண்டுகளில் வலிமை, விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 30 மி.மீ. தண்டுக்குப் பதில் 33 மி.மீ. தண்டு இருந்தால் தடிமன் பத்தில் ஒரு பங்குதான் கூடுகிறது. வலிமையோ மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. அதே தண்டு தேய்ந்து 27 மி.மீ. ஆனால் வலிமையில் கால் பங்குக்கு மேல் போய்விடும்.

அரை மிதவை அச்சில் சக்கரம் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதும் முக்கியம். ஒரு சக்கரத்தின்மேல் 500 கிலோ பாரம் இருப்பதாகவும், டயரின் நடுக்கோடு பேரிங்கிலிருந்து 5 செ.மீ. தள்ளி இருப்பதாகவும் கொள்வோம். தண்டை வளைக்கும் விசை 25 கிலோகிராம்-மீட்டர். அழகுக்காக அகல ரிம் மாட்டி அதை 10 செ.மீ. ஆக்கினால் வளைக்கும் விசை இரட்டிப்பாகி 50 ஆகிறது. சக்கரம் ஒவ்வொரு முறை சுழலும்போதும் தண்டு ஒருமுறை மேலும் கீழுமாக வளைகிறது. ஒரு கிலோமீட்டருக்கு 400 முறைக்கு மேல் இப்படி நிகழும். கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்பது போலவே, தண்டில் மயிரிழை வெடிப்பு தோன்றி நாளடைவில் பெரிதாகிறது.

லோ கியரில் வரும் முறுக்கு

சி.ஜே. 3பி ஜீப்பின் முதல் கியர் விகிதம் 2.8, டிரான்ஸ்ஃபர் பெட்டியின் லோ கியர் 2.46, கிரவுன் பினியன் 5.38. மூன்றையும் பெருக்கினால் 37 வருகிறது. எஞ்சின் 12 கிலோகிராம்-மீட்டர் முறுக்கு தந்தால், உராய்வை நீக்காமல் பார்க்க, சக்கரங்களுக்குச் சுமார் 444 போகிறது. பின் அச்சு மட்டும் இழுத்தால் ஒரு தண்டுக்கு 222. நான்கு சக்கரமும் சமமாக இழுத்தால் 111 மட்டுமே. இதற்காகத்தான் முன் அச்சை இணைக்காமல் லோ கியர் விழாதபடி அந்த ஜீப்பின் டிரான்ஸ்ஃபர் பெட்டியில் தடுப்பு வைத்தார்கள். அந்தத் தடுப்பைக் கழற்றி எறிந்த வண்டியானால் பின் தண்டு அதிகம் பாடுபட்டிருக்கும்.

சுமை கூடினால் டயரின் பிடிப்பும் கூடும். வெறும் வண்டியில் சக்கரம் வழுக்கித் தண்டைக் காப்பாற்றும். கல் ஏற்றிய வண்டியில் அந்த வழி இல்லை. கிளட்சைச் சடாரென்று விடுவது அப்போது தண்டுக்குச் சம்மட்டி அடி போன்றது.

தார்ச்சாலையில் நான்கு சக்கர இயக்கம் வேண்டாம்

வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிகத் தூரம் ஓட வேண்டும். பழைய ஜீப்புகளில் முன் அச்சையும் பின் அச்சையும் இணைத்தபின் அந்த வித்தியாசத்தை ஈடுசெய்ய எந்த அமைப்பும் இல்லை. இட்டேரி மண்ணில் டயர் சற்று வழுக்கி அதைச் சரிசெய்துகொள்ளும். அவிநாசி சாலை போன்ற தார்ச்சாலையில் வழுக்க இடமின்றி முறுக்கு முழுவதும் தண்டுகளிலும் கியர்களிலும் தேங்கும். சாலை ஏறியதும் முன் இயக்கத்தைக் கழற்றிவிடுங்கள்.

வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனைகள்

1. பின் சக்கரத்தின் நடுவைப் பாருங்கள். ஹப் வெளியே நீண்டு, அதன் முகத்தில் வட்டமாகப் போல்ட்டுகள் இருந்தால் முழு மிதவை. நடுவில் ஒரே பெரிய நட்டும் காட்டர் பின்னும் இருந்தால் கூம்பு முனையுள்ள அரை மிதவை.

2. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங்கோ கூம்போ தேய்ந்திருக்கிறது.

3. பிரேக் டிரம்மில் எண்ணெய் கசிவு இருக்கிறதா பாருங்கள். ஆயில் சீல் போனால் பிரேக்கும் பிடிக்காது.

4. தண்டை வெளியே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் பல்வரிகள் நேராக இருக்க வேண்டும். சற்றே திருகியிருந்தாலும் அந்தத் தண்டு உதவாது. சாவிப் பள்ளம் முடியும் இடத்தில் வெடிப்பைத் தேடுங்கள்.

5. ஹவுசிங்கில் புதிய வெல்டிங் இருந்தால் காரணம் கேளுங்கள். வளைந்த ஹவுசிங் எந்தத் தண்டையும் தின்றுவிடும்.

6. ஆர்.சி. புத்தகத்தையும் சேசிஸ் எண்ணையும் ஒப்பிடுங்கள். 15 ஆண்டு கடந்த சொந்த உபயோக வண்டிக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். வேறு வண்டியின் அச்சை மாற்றிப் பொருத்த எண்ணினால், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை மனத்தில் கொண்டு, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முதலில் விசாரியுங்கள்.

வாங்கியபின்

கூம்பு முனைத் தண்டைக் கழற்றி மாட்டும்போது கூம்பை எண்ணெய்ப் பசையின்றித் துடைத்து, புதிய சாவி போட்டு, தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு டார்க் ஸ்பேனரால் நட்டை முறுக்க வேண்டும். நட்டு தளர்ந்தால் பாரம் முழுவதும் சாவியின்மேல் விழுந்து அது அறுந்துபோகும். தண்டு ஒருமுறை முறிந்தால் முறிந்த முகத்தைப் பாருங்கள். ஒரு பகுதி கறுத்தும் மறுபகுதி பளிச்சென்றும் இருந்தால் அது அன்று முறிந்ததன்று, நெடுநாளாக வெடித்திருந்தது. அப்போது மறுபக்கத் தண்டையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது.

தேங்காயும் தீவனமும் பால் கேனும் அளவோடு ஏற்றுவோருக்கு நல்ல நிலையிலுள்ள அரை மிதவை அச்சு போதும். நாள்தோறும் கல், மணல் போன்ற கனமான சுமை ஏற்றுவோர் முழு மிதவை அச்சுள்ள லாரி வகை வண்டியையே நாட வேண்டும். வாங்கும் நாளில் ஒரு மணி நேரம் வண்டிக்கு அடியில் செலவிட்டால், பின்னர் பல ஆண்டுகள் கவலையின்றி ஓட்டலாம்.