மாடில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு மாடு பராமரிப்பைக் கற்பித்தல்

செங்கலடிப் பகுதிக் கமக்காரர் முற்காலத்தில் எருமைகளைப் பிணைத்து வயலை மிதிப்பித்தே சேறாக்கினர். சூட்டுக்களத்திலும் மாடுகளே கதிரை மிதித்தன. இன்று இவ்விரு வேலைகளையும் இயந்திரங்கள் செய்கின்றன. பெரும்போகம் தொடங்கியதும் பட்டிகள் மயிலத்தமடு, மாதவனை முதலிய தூரத்து மேய்ச்சற்றரைகளுக்குச் சாய்க்கப்பட்டு, அறுவடையின் பின்னரே வயல்வெளிக்குத் திரும்புகின்றன. ஆகவே நெல்லும் மரக்கறியும் செய்கின்ற பல வீடுகளில் வளரும் பிள்ளைக்கு, மாடு என்பது வேலியைப் பிரித்துக் கத்தரிப் பாத்தியை மேய்ந்துவிட்டுப் போகும் ஒரு பிராணி மாத்திரமே. அதைக் கல்லெறிந்து துரத்த அறிவான். அது நோயுற்று நிற்கின்றதா என்று பார்க்க அறியான்.

இதனால் விளையும் நட்டம் சிறிதன்று. 2022 டிசெம்பரில் மண்டோஸ் சூறாவளியை ஒட்டி வீசிய குளிர்காற்றில் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நூற்றுக்கணக்கான கால்நடைகள் மடிந்தன. மழையில் நனைந்து நடுங்கும் கன்றை முதலில் காண்பவன் பெரும்பாலும் அதன் சொந்தக்காரன் அல்லன், வழியே செல்பவனே. அவனுக்கு அந்த நடுக்கத்தின் பொருள் தெரிந்திருத்தல் வேண்டும்.

சொந்தமாக மாடில்லாதவனுக்கு இதனைக் கற்பிக்க இயலுமா? இயலும். ஐக்கிய அமெரிக்காவில் 1902ஆம் ஆண்டு ஓகையோ மாநிலத்தில் தொடங்கி வளர்ந்த 'ஃபோர் எச்' இளைஞர் கழகங்கள், குதிரையில்லாத பிள்ளைகளுக்கென்றே குதிரை வளர்ப்புப் பாடத்திட்டம் ஒன்றை நடத்துகின்றன. தீனி, குளம்பு, பல், நோய்க்குறி ஆகியவற்றைப் பிள்ளைகள் பிறருடைய குதிரையைப் பார்த்தே பயில்கின்றனர். நம் நாட்டில் குதிரையைப் பார்க்க வேண்டுமாயின் நெடுந்தீவுக்குச் செல்லல் வேண்டும். அங்கு காட்டுக் குதிரைகள் இன்றும் கூட்டங்கூட்டமாகத் திரிகின்றன. நமக்கு அண்மையில் இருப்பது மாடு, முறை ஒன்றே.

முதற்பாடம் தொடாமற் பார்த்தல். அயலார் பட்டியின் ஓரத்தில் நின்று, ஒரு பசுவை மாத்திரம் அரைமணி நேரம் பார்க்கும்படி பிள்ளையிடம் சொல்லுக. அது அசைபோடுகின்றதா? மூக்கு நுனி ஈரமாக உள்ளதா? கூட்டத்தை விட்டு ஒதுங்கி நிற்கின்றதா? சாணம் எப்படி உள்ளது? கண்டதைக் கொப்பியில் எழுதுதல் வேண்டும். நான் விவசாயப் பாடசாலையில் இவற்றையெல்லாம் புத்தகத்திற் படித்துத் தேறியவன். எனினும் முதன்முறை பட்டியினுள் நுழைந்தபோது பசுவின் பின்புறமாகச் சென்று உதை வாங்கினேன். தோட்பக்கமாக, மெதுவாகக் குரல் கொடுத்துக்கொண்டே அணுக வேண்டும் என்பதை அன்று எனக்குச் சொன்னவர் எழுதப்படிக்கத் தெரியாத ஒரு பட்டிக்காரர்.

இரண்டாவது, சொந்தக்காரர் அருகிலிருக்கத் தொட்டறிதல். வாலின் அடிப்பக்கத்தில் விரலை வைத்தால் நாடி தெரியும். அமைதியாக நிற்கும் வளர்ந்த பசுவுக்கு நிமிடத்துக்கு 60 முதல் 80 வரை துடிக்கும். (குதிரைக்கு 28 முதல் 44 வரையே.) இடது விலாவின் பின்னுள்ள பள்ளத்தில் உள்ளங்கையை அழுத்தி வைத்தால் இரைப்பை புரள்வதை உணரலாம், இரண்டு நிமிடத்தில் ஏறத்தாழ மூன்று முறை புரளும். புரளாத இரைப்பை, மிருகவைத்தியரை அழைக்க வேண்டிய அறிகுறியாகும்.

பிள்ளைகள் மிகவும் விரும்பிச் செய்வது நிறை காண்பதே. தராசு தேவையில்லை, தையற்காரரின் அளவு நாடா போதும். முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பின் சுற்றளவையும், தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரையுள்ள நீளத்தையும் அங்குலத்தில் அளக்க. சுற்றளவை அதனாலேயே பெருக்கி, பின் நீளத்தாற் பெருக்கி, 300ஆற் பிரித்தால் நிறை றாத்தலில் கிடைக்கும். சுற்றளவு 54, நீளம் 46 அங்குலமாயின் 447 றாத்தல், அதாவது ஏறக்குறைய 203 கிலோ. இது மதிப்பீடேயாயினும், குடற்புழு மருந்தின் அளவை மிருகவைத்தியரிடம் கேட்கும்போது உதவும். கணக்குப் பாடத்தை வெறுக்கும் பையன்களும் இக்கணக்கைத் தவறின்றிச் செய்யக் கண்டிருக்கின்றேன்.

பால் கறக்கும் விரலசைவை, நீர் நிரப்பி நுனியிற் சிறு துளையிட்ட இறப்பர்க் கையுறையிற் பழகலாம். கயிற்று முடிச்சுகளுக்கு வேலிக்கட்டை போதும். இழுத்தவுடன் அவிழும் முடிச்சை முதலிற் கற்பிக்க. மாடு சிக்கிக்கொண்டால் அதுவே உயிர்காக்கும்.

இனி எச்சரிக்கைகள். பல பட்டிகளுக்குச் செல்லும் பிள்ளை நோயையும் கொண்டு செல்லக்கூடும். வாயிலும் குளம்பிலும் புண் உண்டாக்கும் கால்வாய் நோய், செருப்பிலும் உடையிலும் ஒட்டியே பரவவல்லது. ஆகவே ஒரு நாளில் ஒரு பட்டிக்கு மேற் செல்லலாகாது. திரும்பியதும் சவர்க்காரமிட்டுக் கை கால் கழுவி, செருப்பையும் தேய்த்துக் கழுவுதல் அவசியம். கருச்சிதைந்து விழுந்த கன்றையோ நஞ்சுக்கொடியையோ வெறுங்கையால் தொடலாகாது. புரூசெல்லா நோய் மனிதருக்கும் தொற்றும். எச்சில் ஒழுக்கும் மாட்டின் வாயில் எக்காரணங் கொண்டும் கையிடலாகாது. அது விசர்நோயாகவும் இருக்கலாம்.

அயலார் எதற்காக இதற்கு இடங்கொடுப்பார் என்று கேட்பீர்கள். பிள்ளை சனிக்கிழமை காலையில் தொழுவத்தைக் கூட்டி, தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக் கொடுக்கட்டும். உங்கள் வயலில் மிஞ்சும் வைக்கோலைக் கொளுத்தாது அவருக்குக் கொடுங்கள். கைம்மாறாகச் சாணத்தைக் கேட்டுப் பெறலாம். பட்டிகள் வயலுக்குத் திரும்பும் அறுவடைக் காலமே இவ்வொழுங்கைப் பேசிக்கொள்ள ஏற்றது. கிடைக்கும் பச்சைச் சாணத்தை நேரே மரக்கறிப் பாத்தியில் இடாது, நிழலிற் குவித்து, கிடுகால் மூடி, நன்கு உக்கிய பின்னரே இடுக.