கடனில்லா வாசல் – 11: பத்திரம் வீடு திரும்பியது

அத்தையின் இரட்டைவடச் சங்கிலியை அடகிலிருந்து மீட்டதோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மிச்சமிருந்தது ஒரே கடன். சீட்டுப் பாக்கி இல்லை, கைமாற்று இல்லை, மளிகைக் கடை நோட்டிலும் எங்கள் பெயர் இல்லை. வீட்டுக்கடன் மட்டும்தான்.

“அதெல்லாம் ஒரு கடனா மதினி? அது பாட்டுக்குப் போகும்” என்றார்கள் பக்கத்து வீட்டில். நானும் ஆறு வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன். வட்டிக்காரர் வாசலில் வந்து நிற்பதில்லை. ஐந்தாம் தேதி சம்பளக் கணக்கிலிருந்து டியூ தானாகப் போய்விடும். வாடகை கொடுப்பது போலப் பழகிவிட்டது.

2013-ல் திண்டுக்கல்லுக்கு வெளியே இந்த வீட்டைக் கட்டினோம். என் கணவருக்கு நூற்பாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர் வேலை. வங்கியில் 12 லட்சம் வாங்கினோம். 15 வருடம், 10 சதவீத வட்டி, மாத டியூ 12,895 ரூபாய்.

2019 ஆடியில்தான் கண் திறந்தது. ஆடியில் முகூர்த்தம் கிடையாது, ஆகவே தையலுக்கும் ஆள் வராது. மெஷினுக்கு எண்ணெய் விட்டு மூடி வைத்துவிட்டு, அவர் வாங்கி வந்திருந்த கடன் ஸ்டேட்மென்ட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 72 டியூ கட்டியிருந்தோம். பெருக்கிப் பார்த்தால் 9,28,440 ரூபாய். மீதி எவ்வளவு என்று கடைசி வரிக்குப் போனேன். ஏறத்தாழ 9 லட்சம். தப்பாகப் பார்க்கிறேனோ என்று மகளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். அவளும் அதையேதான் வாசித்தாள். ஒன்பதே கால் லட்சத்துக்கு மேல் கட்டியிருக்கிறோம், அசலில் குறைந்தது மூன்று லட்சம்.

இதில் வங்கி ஏமாற்றியது ஒன்றுமில்லை. கணக்கே அப்படித்தான். 12 லட்சத்துக்கு 10 சதவீதம் என்றால் முதல் மாத வட்டியே 10,000 ரூபாய். நாம் கட்டும் 12,895-ல் அசலுக்குப் போவது 2,895 மட்டும். அசல் குறையக் குறையத்தான் வட்டியும் குறையும். முதல் சில வருடங்கள் நாம் கட்டுவதில் பெரும்பகுதி வட்டிக்கே சரியாகிவிடும். கையெழுத்துப் போட்ட அன்றைக்கு இதை யாராவது ஒரு தாளில் எழுதிக் காட்டியிருந்தால் ஆறு வருடத்தை இப்படி விட்டிருக்க மாட்டேன்.

அதே கணக்கைத் திருப்பிப் போட்டால் நமக்குச் சாதகமாகவும் வரும். 8 சதவீத வட்டியில் இன்று 10,000 ரூபாயை அசலில் கூடுதலாகக் கட்டினால், எட்டு வருடம் கழித்துக் கட்ட வேண்டிய டியூவில் ஏறத்தாழ 18,900 ரூபாய் குறைந்துவிடும். எங்கள் டியூவுக்கு அது ஒன்றரை மாதம். டியூவோடு சேராமல் நேராக அசலில் விழும் காசுக்குத்தான் இந்தச் சக்தி. சீக்கிரம் விழ விழ சக்தி கூடும்.

காசுக்கு எங்கே போவது? சம்பளத்தில் கை வைக்க முடியாது. என் தையல் காசு இருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தைக்கிறேன். லைனிங் பிளவுஸுக்கு அப்போது 250 ரூபாய் கூலி. லைனிங் துணி, நூல், கொக்கி போக 190 நிற்கும். மாதம் முப்பது, முப்பத்தைந்து பிளவுஸ் தைத்தால் 6,000 வரும். இத்தனை வருடமாக வந்த அந்த ஆறாயிரம் எங்கே போனது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. காய், பால், வேன் பீஸ், யாரோ வீட்டு மொய் என்று போயிருக்கும். வீட்டுச் செலவில் கலந்த காசு வீட்டுச் செலவாகத்தான் போகும்.

அன்றிலிருந்து தையல் கூலிக்குத் தனி டப்பா வைத்தேன். மகள் தின்று முடித்த பிஸ்கட் டப்பா. மேலே சுங்குடி ஓரத் துண்டு ஒன்றை ஒட்டினேன், வேறு டப்பாவோடு மாறிவிடக் கூடாதென்று. சின்னாளப்பட்டிச் சுங்குடிக்குப் பிளவுஸ் தைத்து மீந்த துண்டு அது. துணி, நூல் செலவை எடுத்துவிட்டு மீதிக் கூலி மொத்தமும் டப்பாவுக்கு. கடைக்குச் சில்லறை இல்லையென்றால்கூட அதைத் தொடக் கூடாது. அத்தைக்கு முதலில் வருத்தம். “உன் காசுன்னு தனியா வைக்கிறியாம்மா?” என்றார்கள். “இல்ல அத்தை, இது வீட்டோட காசு. வீட்டுக்கே போகுது” என்று ஸ்டேட்மென்ட்டைக் காட்டினேன். அதன் பிறகு, பிளவுஸ் வாங்க வருபவர்களிடம் பாக்கி வைக்காமல் கேட்டு வாங்கும் வேலையை அத்தையே எடுத்துக்கொண்டார்கள். பாக்கி நின்றதே இல்லை.

அந்த வருட தீபாவளிக்குத் தைத்த காசையும் சேர்த்து முதல் 20,000-ஐ வங்கியில் கட்டினோம். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் அசல் வழக்கம்போலவே நிற்கிறது. விசாரித்தால், அது முன்பணமாக நிற்கிறது, வரும் டியூக்களில் கழியும் என்றார்கள். அசலில் சேர்க்கச் சொல்லி நாங்கள் எழுதிக் கொடுக்கவில்லையாம். கட்டும்போது கவுன்ட்டரில் யாரும் அதைக் கேட்கவுமில்லை. மூன்று மாத இரவுத் தூக்கம் அந்த 20,000. வங்கி வாசலிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றைக்கே கடிதம் எழுதிக் கொடுத்தோம்: இது பார்ட் பேமென்ட், அசலில் வரவு வைக்கவும், டியூ தொகையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறைக்கவும். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் கடிதமும் கையுமாகத்தான் போனோம். நகலில் சீல் வாங்காமல் திரும்பியதில்லை. டியூவைக் குறைத்தால் மாதம் இருநூறு, முந்நூறு கையில் நிற்கும், அது கண்ணுக்கே தெரியாமல் செலவாகும். காலத்தைக் குறைத்தால்தான் கடன் கரையும்.

மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனை முன்கூட்டிக் கட்டினால் அபராதம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 2012 முதலே இருக்கிறது. இது தெரியாமல் “அபராதம் போடுவாங்களாமே” என்று பயந்து நிற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ‘வரிச்சலுகை போயிடும், அடைக்காதீங்க’ என்றும் சொந்தத்தில் சொன்னார்கள். என் கணவரின் சம்பளம் வருமான வரி கட்டும் அளவுக்கு வந்ததே இல்லை. வராத வரிக்குச் சலுகை எதற்கு?

2019 கடைசியில் கடனை ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டியோடு இணைக்கும் முறைக்குச் சிறு கட்டணம் கட்டி மாறினோம். வட்டி நன்றாகவே இறங்கியது. அடுத்த சில மாதத்தில் கொரோனா வந்தது. ஆலை நின்றது, சம்பளம் பாதியானது. ரிசர்வ் வங்கி அறிவித்த தவணை ஒத்திவைப்பை மூன்று மாதம் எடுத்துக்கொண்டோம். வேறு வழியில்லை. ஆனால் ஒத்திவைப்பு தள்ளுபடி அல்ல. அந்த மூன்று மாத வட்டி, 16,000 ரூபாய்க்கு மேல், அசலோடு ஏறி உட்கார்ந்தது. கல்யாணம் இல்லை, பிளவுஸ் இல்லை. சுயஉதவிக் குழு வழியாக மாஸ்க் தைக்கும் வேலை வந்தது. ஒன்றுக்குச் சில ரூபாய்தான். அந்தக் காசும் டப்பாவுக்கே போனது.

2022 மே மாதத்திலிருந்து வட்டி மறுபடி ஏறியது. 4 சதவீதத்தில் இருந்த ரெப்போ அடுத்த பிப்ரவரிக்குள் 6.5 ஆனது. எங்கள் டியூ மாறவில்லையே என்று நிம்மதியாக இருந்தோம். ஸ்டேட்மென்ட் எடுத்தால் காலம் நீண்டிருந்தது. நாங்கள் தைத்துத் தைத்துக் குறைத்த மாதங்களில் ஒரு பகுதி திரும்ப முளைத்திருந்தது. வட்டி மாறும்போது டியூவைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும் என 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அதுவரை பலருக்கு இது தெரியாமலேயே நடந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது ஸ்டேட்மென்ட் எடுத்துப் பாருங்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தத் தொடர் பொய்யாகிவிடும். ‘பக்க வருமானம்’ என்று சொல்கிறோமே, அது உடம்பிலிருந்துதான் வருகிறது. இரவு பத்து மணிக்கு அடுப்படியைக் கழுவிவிட்டு மெஷினில் உட்கார்ந்தால் பன்னிரண்டரை ஆகும். ஆவணி, ஐப்பசி, தை மாதங்களில் ஒன்றும் ஒன்றரையும்கூட ஆகும். இடுப்பு வலி இன்னும் போகவில்லை. நாற்பது வயதுக்குள் கண்ணாடி போட்டேன், கறுப்புத் துணியில் கறுப்பு நூல் தெரியவில்லை. அதனால், ‘நீயும் ஏதாவது செய்து சம்பாதியேன்’ என்று வீட்டுப் பெண்ணிடம் சொல்பவர்கள், அவள் பகல் வேலையில் பாதியை முதலில் வாங்கிக்கொள்ளட்டும். எங்கள் வீட்டில் இரவுப் பாத்திரத்தை அவர் எடுத்துக்கொண்ட பிறகுதான் மாதம் முப்பத்தைந்து பிளவுஸ் சாத்தியமானது.

2024 செப்டம்பரில் கடைசித் தொகையைக் கட்டினோம். 2028 வரை ஓட வேண்டிய கடன். ஐந்து வருடத்தில் தையல் காசு மட்டும் மூன்று லட்சத்துச் சொச்சம் உள்ளே போயிருந்தது. அன்றைக்குக் கேசரி செய்தேன். ஆனால் கடன் அன்றைக்கு முடியவில்லை.

கடன் அடைந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கியால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் இருக்கும் விதி. பத்தொன்பதாம் நாள் கூப்பிட்டார்கள். 2013-ல் பத்திரம் ஒப்படைத்தபோது கொடுத்த பட்டியலை என் கணவர் பத்திரமாக வைத்திருந்தார். மேஜையில் உறையைப் பிரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்கள். கிரயப் பத்திரம் வந்தது. ஓரம் பழுத்து, பஞ்ச் போட்ட துளையில் துருக் கறையோடு இருந்தது. பட்டா நகல், கட்டட வரைபடம், பழைய வில்லங்கச் சான்று... நான் பட்டியலில் டிக் அடித்துக்கொண்டே வந்தேன். பதினொன்று இருக்க வேண்டும், பத்துதான் இருந்தது. தாய்ப்பத்திரம் இல்லை.

“எல்லாம் வந்துடுச்சுல்ல மேடம், இங்க ஒரு கையெழுத்து” என்றார் அலுவலர். “பதினொண்ணும் வந்த பிறகு போடறேன் சார்” என்றேன். அவர் முகம் மாறியது, எனக்கும் கை நடுங்கியது. ஆனாலும் போடவில்லை. வேறு ஊரில் இருந்த சேமிப்பு அறையிலிருந்து ஒன்பது நாளில் தாய்ப்பத்திரம் வந்து சேர்ந்தது. அதன் பிறகே கையெழுத்துப் போட்டேன்.

அப்போதும் முடியவில்லை. கடன் வாங்கும்போது பத்திரத்தை ஒப்படைத்ததை எங்கள் ஊர் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்திருந்தார்கள். எம்.ஓ.டி. என்பார்கள். கடன் தீர்ந்ததற்கான ரசீதுப் பத்திரத்தையும் அங்கேயே பதிவு செய்யாவிட்டால், வில்லங்கச் சான்றில் அந்த அடமானம் அப்படியே நிற்கும். பத்திரம் பீரோவில் இருந்தாலும், நாளைக்கு மகள் படிப்புக்கோ வேறு தேவைக்கோ வங்கியில் போய் நின்றால் “இந்தச் சொத்தில் கடன் இருக்கிறதே” என்பார்கள். வங்கி அலுவலர் ஒருவரை வரவழைத்து, ஒரு புதன்கிழமை அதையும் பதிந்தோம்.

வீட்டுக்கடனை எப்போதோ அடைத்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு ஒருமுறை வில்லங்கம் போட்டுப் பாருங்கள். அடமானப் பதிவுக்குக் கீழே ரசீதுப் பதிவு இல்லையென்றால், திங்கட்கிழமையே வங்கிக்குப் போங்கள்.