சென்னையில் ஆட்டோ பேசுவது எப்படி?

தெற்கிலிருந்து வரும் இரவு ரயில்கள் பல, பொழுது புலர்வதற்கு முன்பே எழும்பூருக்கு வந்துவிடுகின்றன. தூக்கம் கலையாமல் பையோடு வெளியே வருபவரை "எங்க சார் போகணும்?" என்று நாலு பேர் சூழ்ந்துகொள்கிறார்கள். தி.நகர் என்றால் 300 ரூபாய் என்கிறார் ஒருவர். 250க்குக் கேட்கிறீர்கள். கொஞ்சம் முனகிவிட்டுச் சம்மதிக்கிறார். 50 ரூபாய் மிச்சம் என்ற நிம்மதியோடு ஏறி உட்காருகிறீர்கள். ஆனால் அது மிச்சமே இல்லை. அவர் சொன்ன தொகையிலிருந்து நீங்கள் பேசத் தொடங்கியபோதே அந்தப் பேரம் அவர் பக்கம் சாய்ந்துவிட்டது.

வாயைத் திறப்பதற்கு முன்பே நம்மிடம் ஒரு தொகை இருக்க வேண்டும். அதைக் கணக்கிடுவது கடினமில்லை. கைபேசி வரைபடத்தில் தூரத்தைப் பாருங்கள். தமிழ்நாடு அரசு 2013 ஆகஸ்ட் 25 முதல் நடைமுறைப்படுத்திய கட்டணம் இது: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்பின் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய். காத்திருப்புக்கு 5 நிமிடத்துக்கு 3 ரூபாய் 50 காசு. இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை ஒன்றரை மடங்கு. எழும்பூரிலிருந்து தி.நகர் பனகல் பார்க் ஏறக்குறைய 6 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், பகலில் 75 ரூபாய் வரும்.

அப்படியென்றால் 75 ரூபாய்தான் கொடுப்பேன் என்று நிற்கலாமா? நிற்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அந்தக் கட்டணம் பத்து ஆண்டுகளுக்கு மேல் திருத்தப்படாமலே கிடந்தது. இடையில் பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டிவிட்டது. காப்பீடும் உதிரிப் பாகங்களும் பள்ளிக் கட்டணமும் ஏறிவிட்டன. ஓட்டுபவர்களில் பலருக்குச் சொந்த வண்டி கிடையாது. நாள் வாடகையை எடுத்துவைத்த பிறகுதான் அவர்களுக்கு வருமானம். பொறுத்துப் பார்த்த ஆட்டோ ஓட்டுநர் சங்கங்கள் 2025 பிப்ரவரியில் தாங்களாகவே ஒரு கட்டணத்தை அறிவித்தன: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 50 ரூபாய், அடுத்து கிலோமீட்டருக்கு 18 ரூபாய். அரசு அதை ஏற்கவில்லை. ஆனாலும் ஓட்டுநர்கள் எந்தத் தொகையைத் தங்களுக்குக் கட்டுப்படியானதாக நினைக்கிறார்கள் என்று அது காட்டுகிறது. அதே 6 கிலோமீட்டருக்கு அந்தக் கணக்கில் 125 ரூபாய் ஆகும்.

இப்போது உங்களிடம் இரண்டு எல்லைகள் இருக்கின்றன. 75க்குக் கீழே கேட்பது அநியாயம். பகலில், சாதாரண போக்குவரத்தில், 125க்கு வெகு மேலே கொடுப்பது தேவையில்லை. 100லிருந்து 130க்குள் முடிந்தால் இருவருக்கும் நஷ்டமில்லை. 300 என்ற பேச்சை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு நடக்கலாம்.

நடப்பது என்று சொன்னேனே, பாதிப் பேரம் அதில்தான் இருக்கிறது. ரயில் நிலைய வாசலில் நிற்கும் ஸ்டாண்டு ஆட்டோவுக்கு ஒரு முறை உண்டு. வரிசையில் தன் முறை வரும்வரை காத்துக் கிடந்துதான் அவருக்கு ஒரு சவாரி கிடைக்கும். அந்தக் காத்திருப்புக்கும் சேர்த்தே உங்களிடம் கேட்கிறார். சாலையில் ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டோவின் நிலை வேறு. அவர் யாரையோ இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பிக்கொண்டிருக்கிறார். நீங்கள் ஏறாவிட்டால் அந்தத் தூரத்துக்கான பெட்ரோல் அவர் கைக்காசு. ஆகவே வளாகத்தைத் தாண்டி மெயின் ரோட்டுக்கு வாருங்கள். போக வேண்டிய திசையில் வண்டிகள் ஓடும் பக்கமாகவே நில்லுங்கள். எதிர்ப்பக்கத்தில் நிறுத்தினால் யு டர்ன் எங்கே வருகிறதோ அதுவரை சுற்ற வேண்டும், கட்டணத்திலும் அது சேரும். சென்ட்ரலில் இறங்கியவர்கள் சாலையைக் கடக்கத் திண்டாட வேண்டாம், மெட்ரோ சுரங்கப்பாதை வழியாகவே பூந்தமல்லி நெடுஞ்சாலையின் மறுபக்கம் போய்விடலாம்.

நேரத்தையும் பாருங்கள். ரயில் நாலரைக்கு வந்து சேர்ந்தால் உடனே வெளியே ஓட வேண்டிய அவசரம் பலருக்கு இருக்காது. காத்திருப்பு அறையில் முகம் கழுவி ஒரு டீ குடித்தால் 5 மணி ஆகிவிடும். இரவுக் கட்டணம் அதோடு முடிகிறது. மெட்ரோவும் அந்த வாக்கில் ஓடத் தொடங்கும். எழும்பூர் மெட்ரோ நிலையம் ரயில் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. அங்கிருந்து கோயம்பேடு, வடபழனி, அசோக் நகர் பக்கம் போகிறவர்கள் மெட்ரோவில் போய் இறங்கி, கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு மட்டும் ஆட்டோ பிடித்தால் செலவு வெகுவாகக் குறையும். தென்சென்னைக்குப் போகிறவர்கள் எழும்பூர் வரை வருவதே வீண். ரயில் தாம்பரத்தில் நிற்கிறதா, மாம்பலத்தில் நிற்கிறதா என்று முதல் நாளே பார்த்து வைக்கலாம்.

இனி பேச்சு. "எவ்ளோண்ணே?" என்று கேட்காதீர்கள். கேட்டால் தொகை சொல்லும் உரிமையை அவரிடம் கொடுத்துவிட்டீர்கள். "அண்ணே, பனகல் பார்க் பக்கம் போகணும், 110 தரேன், வரீங்களா?" என்று இடத்தையும் தொகையையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். வெறுமனே தி.நகர் என்று சொல்லாமல் பனகல் பார்க் என்று அடையாளம் சொல்லும்போது, தூரம் தெரிந்தவர் என்று அவருக்குப் புரிந்துவிடும்.

அவர் பதில்களில் சிலவற்றுக்கு நியாயம் உண்டு, சிலவற்றுக்கு இல்லை. "ஒன்வே சார், சுத்திப் போகணும்" என்றால் பெரும்பாலும் உண்மைதான், வரைபடத்திலேயே தெரிந்துவிடும். "ரிட்டர்ன் சவாரி கெடைக்காது" என்பது இடத்தைப் பொறுத்தது. தி.நகரில் கிடைக்காமல் போகாது. இரவு பத்து மணிக்குச் சிறுசேரிக்குப் போனவர் அங்கிருந்து காலி வண்டியாகத்தான் திரும்ப வேண்டியிருக்கும், அதற்குக் கூடக் கொடுப்பதுதான் முறை. மூட்டை முடிச்சு நிறைய இருந்தாலும் அப்படியே. ஆனால் "நீங்களே பாத்துக் குடுங்க" என்ற இனிய பேச்சுக்கு மட்டும் இணங்கிவிடாதீர்கள். இறங்கும் இடத்தில் தகராறு வருவது பெரும்பாலும் இதனால்தான். தொகை என்ன, ஆளுக்கா மொத்தமா, ஜிபேயா கையிலா என்று ஏறுமுன் பேசி முடியுங்கள். சில்லறை நோட்டுகளும் வைத்திருங்கள்.

ஒத்துவரவில்லை என்றால் "சரிண்ணே, பரவால்ல" என்று சொல்லிவிட்டு நகருங்கள். குரல் உயர வேண்டாம். பத்தடி போவதற்குள் பல சமயம் கூப்பிடுவார்கள். நீங்கள் சொன்ன தொகைக்கே அவர் கூப்பிட்டால் ஏறிவிட வேண்டும். அப்போது இன்னும் பத்து குறைக்கப் பார்ப்பது அழகல்ல.

சட்டம் என்ன செய்யும் என்று சிலர் கேட்பார்கள். சவாரிக்கு வர மறுத்தால் மோட்டார் வாகனச் சட்டம் 178ஆம் பிரிவின்படி அபராதம் உண்டு. மூன்று சக்கர வண்டிக்கு அது அதிகபட்சம் 50 ரூபாய்தான். அதற்காக அலைய யாருக்கும் நேரம் இருக்காது.

செயலிகளைப் பேரத்துக்கு அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். ஓலா, ஊபர், ராபிடோ, நம்ம யாத்ரி ஆகியவற்றில் ஏதாவது இரண்டில் விலை பார்த்துவிட்டால் அந்த நேரத்துச் சந்தை நிலவரம் தெரிந்துவிடும். மழை பெய்தாலோ அலுவலகம் விடும் நேரமானாலோ அங்கே காட்டும் தொகையும் ஏறும். அப்போது தெரு ஆட்டோவே மலிவாக இருக்கலாம். செயலியில் பதிவு செய்தபிறகும் போன் போட்டு "மேல 50 போட்டுக் குடுப்பீங்களா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. சில செயலிகள் ஓட்டுநரிடம் கமிஷன் வாங்காமல் சந்தா மட்டும் வாங்குகின்றன. ஊபரும் 2025இல் ஆட்டோக்களுக்கு அந்த முறைக்கு மாறியது, அதில் காட்டும் கட்டணம் ஒரு பரிந்துரை மட்டுமே. ஆகவே அங்கும் பேசலாம், நியாயமாகப் பட்டால் 10, 20 கூட்டலாம், இல்லாவிட்டால் ரத்து செய்துவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம்.

விமான நிலையத்தில் பேரத்துக்கே வேலையில்லை, மெட்ரோ அங்கேயே இருக்கிறது. 2023 டிசம்பரில் திறந்த கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தில் இறங்குபவர்கள் நகருக்குள் வர ஆட்டோ பேசுவதைவிட மாநகரப் பேருந்தில் ஏறுவது நல்லது. அந்தத் தூரத்துக்கு எவ்வளவு திறமையாகப் பேசினாலும் பணம் கரையும்.

பெண்கள் தனியாகவோ குழந்தைகளோடோ இரவில் வந்தால், மேலே சொன்ன நடந்து போகும் யோசனையை மறந்துவிடுங்கள். சென்ட்ரலில் முன்பணம் கட்டும் ஆட்டோ கவுண்டர் இருக்கிறது. இல்லையென்றால் செயலியில் வண்டி எடுத்து, பயண விவரத்தை வீட்டாருக்குப் பகிருங்கள். 50 ரூபாய் கூடப் போனால் போகட்டும்.

கடைசியாக அரசுக்கு ஒரு வேண்டுகோள். ஆட்டோக் கட்டணத்தை எரிபொருள் விலையோடு இணைத்து ஆண்டுதோறும் திருத்துங்கள். மீட்டர் தொகை கட்டுப்படியானால் அதைப் போட்டு ஓட்ட ஓட்டுநர்கள் முன்வருவார்கள். விடியற்காலையில் ஊருக்குப் புதிதாக வந்து நிற்பவருக்கும் இத்தனை கணக்குப் போட வேண்டிய தேவை இருக்காது.