முடிவுறாத திருத்தம்

அலுவலகத்தில் ஒருவர் அவசரக் கடிதமொன்றை எழுதக் கணினியிலே மென்பொருளைத் திறக்கின்றார். எழுதும் பக்கம் தோன்றவில்லை. நிறுவல் நடைபெறுகின்றது என்ற அறிவிப்பே தோன்றுகின்றது. மறுமுறை திறந்தாலும் அதே அறிவிப்பு. இதற்குக் காரணம் யாது?

1999ஆம் ஆண்டில் மைக்ரோசொப்ட் ஒபிஸ் 2000 உடன் ‘விண்டோஸ் இன்ஸ்டோலர்’ என்னும் நிறுவி வெளிவந்தது. அது மென்பொருளைப் பல பகுதிகளாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பையோ பதிவையோ அடையாளமாகக் குறித்துவைக்கின்றது. பயன்படுத்துவோர் மென்பொருளைத் திறக்கும்போது அடையாளம் காணப்படாவிடின், திருத்தத் தொடங்குகின்றது. நல்ல ஏற்பாடுதான். ஆயின், அந்தக் கோப்பைத் துப்புரவு மென்பொருளொன்று நாள்தோறும் அழித்துவிட்டால், திருத்தமும் நாள்தோறும் நிகழும். இரு மென்பொருள்கள் ஒரே பதிவைத் தத்தமக்கேற்ப மாற்றிக்கொண்டாலும் இதுவே கதி. ஒன்றின் திருத்தம் மற்றதன் பழுதாகின்றது.

பொறுமையிழந்தோர் சிலர் கணினி முழுவதையும் அழித்து, சேமித்த ஆவணங்களையும் இழந்துவிடுகின்றனர். அது வேண்டியதில்லை. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் ‘எம்.எஸ்.ஐ. இன்ஸ்டோலர்’ என்ற பெயரின்கீழ் 1001, 1004 என்னும் இலக்கங்களுடைய குறிப்புகளைத் தேடுதல் வேண்டும். முன்னது எந்த மென்பொருளின் எப்பகுதி பழுதென்று உணர்த்தும். பின்னது காணாமற்போன கோப்பையோ பதிவையோ சுட்டும். அதனை அழிப்பது எதுவென்று கண்டு தடுக்க வேண்டும். அதன்பின் ஒருமுறை திருத்தினாற் போதும். தடுக்காமல் நூறுமுறை திருத்துவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதையே ஒக்கும்.